வளரும் வயதில் வளையும் முள்ளந்தண்டு: கத்தி வைக்காமல் என்ன செய்யலாம்?

காலையில் பாடசாலைக்கு அனுப்பும் அவசரத்தில், மகளுக்கு இரட்டைப் பின்னல் பின்னிக்கொண்டிருக்கும் அம்மாவின் கண்ணில்தான் பெரும்பாலும் அது முதலில் படும். ஒரு பக்கத் தோள் சற்று உயர்ந்திருக்கும். வெள்ளைச் சீருடையின் கீழ் விளிம்பு ஒரு பக்கம் ஏறி நிற்கும். "நேரா நில்லு பிள்ளை, கூனாதே" என்று அம்மா அதட்டுவார். பிள்ளையும் நிமிர்ந்து நிற்பாள். தோள் மட்டும் இறங்காது.

அதன் பிறகு நடப்பதை நம்மில் பலர் கண்டிருக்கிறோம். புத்தகப்பை பாரம் என்று சொல்லிப் பையை மாற்றுவார்கள். முறிவு நெரிவு வைத்தியரிடம் கொண்டுபோய் எண்ணெய் பூசிப் பத்துப் போடுவார்கள். பெண்பிள்ளை என்றால் வெளியில் தெரியக்கூடாது என்று தளர்வான சட்டை தைத்துக் கொடுப்பார்கள். இப்படி ஒரு வருடம், இரண்டு வருடம் போய்விடும். கடைசியில் பெரிய வைத்தியசாலைக்குப் போகும்போது, "வளர்ச்சி முடிந்துவிட்டது, இனிச் சத்திரசிகிச்சைதான்" என்ற பதில் கிடைக்கும். அந்த இரண்டு வருடங்களில் செய்திருக்கக்கூடியது என்ன, அதற்கு என்ன ஆதாரம் இருக்கிறது என்பதைத்தான் இங்கே எழுத முனைகிறேன்.

முள்ளந்தண்டை முன்னாலிருந்தோ பின்னாலிருந்தோ பார்த்தால் அது நேர்கோடாக இருக்க வேண்டும். அது பக்கவாட்டில் வளைவதையே ஸ்கோலியோசிஸ் என்கிறார்கள். தமிழில் முள்ளந்தண்டுப் பக்கவளைவு எனலாம். கூன் வேறு, இது வேறு. கூன் என்பது முன்னோக்கிய வளைவு. பக்கவளைவில் முள்ளெலும்புகள் பக்கவாட்டில் சரிவதோடு நிற்பதில்லை, படிக்கட்டுச் சுழல்வதுபோல முறுக்கியும் கொள்கின்றன. அவற்றோடு பொருந்தியிருக்கும் விலா எலும்புகளும் சேர்ந்து திரும்புவதால்தான் முதுகின் ஒரு பக்கம் மேடாகத் தெரிகிறது. "நேரா நில்லு" என்ற அதட்டலுக்கு அது கட்டுப்படாததற்குக் காரணமும் இந்த முறுக்குத்தான்.

வளைவை அளக்கும் முறையை 1948 இல் அமெரிக்க என்பு மருத்துவர் ஜோன் கொப் விபரித்தார். எக்ஸ்ரே படத்தில் வளைவின் மேல் முனையிலும் கீழ் முனையிலும் அதிகம் சாய்ந்திருக்கும் முள்ளெலும்புகளின் ஓரமாகக் கோடு கீறி, இரண்டு கோடுகளுக்கும் இடைப்பட்ட கோணத்தை எடுப்பார்கள். இதற்குக் கொப் கோணம் என்று பெயர். 10 பாகையும் அதற்கு மேலும் இருந்தால்தான் பக்கவளைவு. அதற்குக் குறைந்த சாய்வு எத்தனையோ பேருக்கு உண்டு, அது நோயல்ல. பத்து வயதுக்கும் பதினாறு வயதுக்கும் இடைப்பட்ட பிள்ளைகளில் நூற்றில் இரண்டு அல்லது மூன்று பேருக்கு இந்த வளைவு இருக்கிறது. அதாவது ஆயிரம் பிள்ளைகள் படிக்கும் ஒரு கல்லூரியில் இருபது பேருக்கு மேல் இருக்கலாம். சிறிய வளைவுகள் ஆண், பெண் இருபாலாரிடமும் ஏறத்தாழ ஒரே அளவில் காணப்படுகின்றன. ஆனால் வளைவு 30 பாகையைத் தாண்டியவர்களில் பெரும்பான்மையினர் பெண்பிள்ளைகள்.

யார் குற்றமும் அல்ல

எங்கள் பகுதியில் இதைப் பற்றிப் பேசும்போது ஒரு விடயத்தை முதலில் சொல்லியாக வேண்டியிருக்கிறது. "வயிற்றில் பிள்ளையோடு இடம்பெயர்ந்து ஓடினேன், அதனால்தான்" என்றும், "பதுங்குகுழிக்குள் இறங்கும்போது விழுந்துவிட்டாள், அப்போதே கவனிக்காமல் விட்டேன்" என்றும், "பால்மா கிடைக்காத காலத்தில் பிறந்த பிள்ளை" என்றும் தாய்மார் தங்களையே குற்றவாளியாக்கிக் கொள்கிறார்கள். இளவயதில் வரும் பக்கவளைவில் ஐந்தில் நான்குக்கு மேற்பட்டவை காரணம் புலப்படாத வகையைச் சேர்ந்தவை. அந்த வகை, விழுந்ததாலோ ஓடியதாலோ வருவதில்லை. பாரமான புத்தகப்பையால் முதுகு நோகலாம். ஆனால் பை இந்த வளைவை உண்டாக்குகிறது என்பதற்கு ஆதாரம் இல்லை. சரிந்து இருந்து படிப்பதும், ஒரு பக்கமாகப் படுப்பதும் அப்படியே.

காரணம் புலப்படாதது என்பதால் ஆராயாமல் விட்டுவிட்டார்கள் என்று அர்த்தமில்லை. ஒரே கருவில் உருவான இரட்டையரில் ஒருவருக்கு வளைவு இருந்தால் மற்றவருக்கும் இருக்கும் வாய்ப்பு ஏறத்தாழ 73 வீதம் என்றும், வெவ்வேறு கருவில் உருவான இரட்டையரில் அது 36 வீதம் என்றும் 1997 இல் தொகுக்கப்பட்ட ஆய்வு காட்டியது. பரம்பரைக்குப் பங்கு உண்டு, ஆனால் அது மட்டுமல்ல என்பதே இதன் பொருள். 2011 இல் யப்பானிய ஆய்வாளர்கள் எல்பிஎக்ஸ்1 என்ற மரபணுவுக்கு அருகில் ஒரு தொடர்பைக் கண்டார்கள். 2013 இல் அதே நாட்டவர் ஜிபிஆர்126 என்ற இன்னொன்றைச் சுட்டினார்கள். 2016 இல் ரொறன்ரோ சிறுவர் வைத்தியசாலையின் ஆய்வாளர்களும் அமெரிக்காவின் பிரின்ஸ்ரன் பல்கலைக்கழகத்தினரும் சேர்ந்து, வரிமீன் என்ற சின்னஞ்சிறு மீனை வைத்து வேறொரு பாதையைத் திறந்தார்கள். மூளையையும் முள்ளந்தண்டு வடத்தையும் சுற்றி ஓடும் திரவத்தைத் தள்ளும் நுண்மயிர்கள் வேலை செய்யாத மீன்களில், வளரும் பருவத்தில் முள்ளந்தண்டு வளைந்தது. அந்த இயக்கத்தை மீட்டுக் கொடுத்தபோது வளைவு வருவது தடுக்கப்பட்டது. மீனில் கண்டதை மனிதப் பிள்ளைக்கு அப்படியே பொருத்த முடியாது. இன்றுவரை இரத்தத்தைச் சோதித்து, "இந்தப் பிள்ளைக்கு வளைவு கூடும், இந்தப் பிள்ளைக்குக் கூடாது" என்று உறுதியாகச் சொல்லும் சோதனை எதுவும் நடைமுறையில் இல்லை. ஆகவே வைத்தியர்கள் நம்பியிருப்பது இரண்டே விடயங்களை: வளைவு எத்தனை பாகை, பிள்ளைக்கு இன்னும் எவ்வளவு வளர்ச்சி மிச்சம் இருக்கிறது.

போரோடு உண்மையாகவே தொடர்புள்ள வளைவுகளும் உண்டு, அவற்றைப் பிரித்துப் பார்க்க வேண்டும். கண்ணிவெடியிலோ செல்லிலோ கால் இழந்த பிள்ளையின் செயற்கைக்கால், பிள்ளை வளர வளரக் கட்டையாகிப் போகும். இடுப்பு ஒரு பக்கம் சரியும், முள்ளந்தண்டு அதை ஈடுசெய்ய வளையும். இந்த வளைவு இருக்கும்போது மறைந்துவிடும், அல்லது கட்டையான காலின் கீழ் ஒரு பலகைத் துண்டை வைத்தால் நிமிர்ந்துவிடும். அதற்கு மருந்து செயற்கைக்காலின் உயரத்தைத் திருத்துவதுதான். நெஞ்சிலோ விலாவிலோ ஆழமான காயமும் தீக்காயமும் பட்டவர்களில், தழும்பு இறுகி உடலை ஒரு பக்கம் இழுப்பதும் உண்டு. முள்ளந்தண்டு வடத்தில் காயம்பட்டுக் கால்கள் செயலிழந்த பிள்ளைகளுக்கு வரும் வளைவு இவை எல்லாவற்றிலும் கடினமானது. அது வேகமாகக் கூடும், அதற்கான மருத்துவமும் வேறு. இந்தக் கட்டுரையில் இனிச் சொல்லப்படுபவை காரணம் புலப்படாத வகைக்கே பொருந்தும்.

குனிந்து பார்க்கும் சோதனை

வீட்டிலேயே செய்யக்கூடிய சோதனை ஒன்று இருக்கிறது. பிள்ளையை வெறுங்காலோடு, பாதங்களைச் சேர்த்து நிற்கச் சொல்லுங்கள். முழங்காலை மடிக்காமல், இரண்டு கைகளையும் கோத்துத் தொங்கவிட்டபடி மெதுவாகக் குனியச் சொல்லுங்கள். பின்னால் நின்று, முதுகின் மட்டத்துக்குக் கண்ணைக் கொண்டுவந்து பாருங்கள். ஒரு பக்க விலா மற்றப் பக்கத்தை விட உயர்ந்து மேடாகத் தெரிந்தால் வைத்தியரிடம் காட்ட வேண்டும். ஸ்கோலியோமீற்றர் என்ற சிறு கருவி இந்த மேட்டின் சாய்வை அளக்கும். 5 முதல் 7 பாகை வரை காட்டினால் எக்ஸ்ரேக்கு அனுப்புவது வழக்கம். இப்போது கைத்தொலைபேசிச் செயலிகளும் இதே அளவை எடுக்கின்றன.

இந்தச் சோதனை இங்கிலாந்துச் சத்திரசிகிச்சை நிபுணர் வில்லியம் அடம்ஸின் பெயரால் வழங்குகிறது. அதன் பின்னால் ஒரு சுவையான கதை உண்டு. இகுவானோடோன் என்ற டைனோசரை உலகுக்கு அறிமுகப்படுத்திய கிடியன் மன்ரெல் என்ற மருத்துவர் பல வருடங்கள் முதுகுவலியால் துடித்து 1852 இல் இறந்தார். அவருடைய முள்ளந்தண்டை ஆராய்ந்த அடம்ஸ், நிற்கும்போது அதிகம் வெளித்தெரியாத வளைவும் முறுக்கும் குனியும்போது தெரியும் என்பதை 1865 இல் வெளியிட்ட நூலில் எழுதினார். நூற்றைம்பது வருடங்கள் கடந்தும் இதைவிட எளிமையான சோதனை வரவில்லை.

இலங்கைப் பாடசாலைகளில் தரம் 1, 4, 7, 10 மாணவர்களுக்குச் சுகாதாரப் பரிசோதனை நடப்பது பெற்றோருக்குத் தெரியும். தரம் 7 பிள்ளைக்குப் பன்னிரண்டு வயது. வளைவு வேகமாகக் கூடும் வயதும் அதுவே. அந்த நாளில், "பிள்ளையின் முதுகையும் குனியவைத்துப் பாருங்கள்" என்று கேட்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஹொங்கொங்கில் 1995 முதல் பாடசாலை மாணவர்களுக்கு இந்தப் பரிசோதனை ஒழுங்காக நடக்கிறது. அமெரிக்காவில் 2004 இல் அரச ஆலோசனைக் குழு ஒன்று இப்படி எல்லாப் பிள்ளைகளையும் பரிசோதிப்பது வேண்டாம் என்றே சொன்னது. கவசத்தால் பயன் உண்டென்று தெளிவாகத் தெரியாத நிலையில், கண்டுபிடித்து என்ன செய்வது என்பதே அவர்கள் வாதம். 2018 இல் அந்த எதிர்ப்பைக் கைவிட்டு, ஆதரிக்கவோ எதிர்க்கவோ போதிய ஆதாரம் இல்லை என்ற நிலைக்கு வந்தார்கள். இடையில் வெளிவந்த ஒரு ஆய்வு இந்த மாற்றத்துக்கு முக்கிய காரணம்.

இரும்பிலிருந்து பிளாஸ்ரிக் வரை

வளைவை வெளியிலிருந்து அழுத்தி நிறுத்தலாம் என்ற எண்ணம் பழையது. பதினாறாம் நூற்றாண்டில் பிரான்சின் அம்புறோஸ் பாரே என்ற மருத்துவர் போர்வீரர்களுக்குக் கவசம் அடிக்கும் கொல்லர்களைக் கொண்டு இரும்பில் உடற்கவசம் செய்வித்தார். 1940களில் அமெரிக்காவின் மில்வோக்கி நகரில் வோல்ரர் பிளவுன்ற், அல்பேர்ட் ஷ்மிட் ஆகியோர் தாடை முதல் இடுப்பு வரை நீளும் கம்பிக் கவசத்தை உருவாக்கினார்கள். அப்போது போலியோ பரவியிருந்த காலம். 1970களில் பொஸ்ரனில் பிளாஸ்ரிக் கவசம் வந்தது. அதைச் சட்டைக்குள் மறைக்க முடிந்தது. அதே காலத்தில் பிரான்சில் ஜாக் ஷெனோ முறுக்கையும் திருத்த முயலும் கவசம் ஒன்றை வடிவமைத்தார். இரவில் மட்டும் அணியும் வகைகள் பின்னர் வந்தன.

இவ்வளவு காலம் அணிவித்தும், கவசம் உண்மையிலேயே வேலை செய்கிறதா, அல்லது கூடாமல் நின்றுவிடக்கூடிய வளைவுகளுக்குத்தான் அணிவித்துவிட்டுப் பெருமைப்படுகிறோமா என்ற சந்தேகம் தீரவில்லை. அதைத் தீர்க்க அயோவா பல்கலைக்கழகத்தின் ஸ்ருவர்ட் வைன்ஸ்ரீன் தலைமையில் அமெரிக்காவிலும் கனடாவிலும் 25 மையங்களில் 2007 முதல் ஆய்வு நடந்தது. 10 முதல் 15 வயது வரையான, வளர்ச்சி மிச்சமுள்ள, 20 முதல் 40 பாகை வரை வளைவுள்ள 242 பிள்ளைகள் அதில் இருந்தார்கள். ஒரு சாரார் கவசம் அணிந்தார்கள், மற்றவர்கள் கண்காணிப்பில் மட்டும் இருந்தார்கள். கவசத்துக்குள் வெப்பத்தை உணரும் சிறு கருவி பொருத்தப்பட்டது. பிள்ளை அம்மாவிடம் சொல்லும் கணக்கு அல்ல, உண்மையில் உடலோடு இருந்த நேரம் பதிவாகியது.

முடிவு 2013 இல் வெளியானது. 50 பாகையைத் தொடாமல் வளர்ச்சியை முடித்தவர்கள் கவசம் அணிந்தவர்களில் 72 வீதம், அணியாதவர்களில் 48 வீதம். பயன் தெளிவாகத் தெரிந்ததால் ஆய்வைக் குறித்த காலத்துக்கு முன்பே நிறுத்திவிட்டார்கள். இவற்றைவிட முக்கியமான எண் ஒன்று அந்த வெப்பக் கருவியிலிருந்து வந்தது. நாளொன்றுக்குச் சராசரியாக 12.9 மணித்தியாலத்துக்கு மேல் அணிந்தவர்களில் 90 வீதத்துக்கு மேற்பட்டோர் சத்திரசிகிச்சை எல்லையைத் தொடவில்லை. ஆறு மணித்தியாலத்துக்குக் குறைவாக அணிந்தவர்களின் நிலை, அணியாதவர்களின் நிலையைப் போலவே இருந்தது. அலுமாரிக்குள் இருக்கும் கவசம் ஒரு பயனும் தராது என்பதை இதைவிடத் துல்லியமாகச் சொல்ல முடியாது.

இதே எண்களை மறுபக்கமாகவும் வாசிக்க வேண்டும். அணியாதவர்களில் ஏறத்தாழ பாதிப்பேர் கவசம் இல்லாமலே தப்பினார்கள். அணிந்தவர்களில் நான்கில் ஒருவருக்கு மேல் அணிந்தும் எல்லையைத் தொட்டார்கள். ஆகவே கவசம் மந்திரமல்ல. அது பெரும்பாலும் வளைவை நேராக்குவதும் இல்லை, கூடாமல் பிடித்து வைக்கிறது. கவசத்தைக் கழற்றும் நாளில் முள்ளந்தண்டு நேராகிவிடும் என்று பிள்ளைக்கு வாக்குக் கொடுத்துவிட்டு, பிறகு ஏமாற்றக்கூடாது.

எந்தக் கட்டத்தில் கவசம் வேண்டும்? வழமையான வழிகாட்டல் இதுதான்: 25 பாகைக்குக் குறைந்தால் நான்கு முதல் ஆறு மாதத்துக்கு ஒருமுறை பார்ப்பது, 25 முதல் 40 வரை இருந்து வளர்ச்சியும் மிச்சம் இருந்தால் கவசம், 45 அல்லது 50ஐத் தாண்டினால் சத்திரசிகிச்சை பற்றிப் பேசுவது. வளர்ச்சியை அறிய இடுப்பு எலும்பின் மேல் விளிம்பில் எலும்பு முதிரும் அளவை எக்ஸ்ரேயில் பார்த்து 0 முதல் 5 வரை எண் கொடுப்பார்கள். றிஸ்ஸர் அளவு என்று அதற்குப் பெயர். வளைவு 20 முதல் 29 பாகையாக இருந்து றிஸ்ஸர் அளவு 0 அல்லது 1 ஆக இருந்த பிள்ளைகளில் 68 வீதத்தினருக்கு வளைவு கூடியது என்று 1984 இல் வெளியான ஆய்வு கூறியது. அதே பாகையில் றிஸ்ஸர் 2க்கு மேல் போனவர்களில் அது 23 வீதம் மட்டுமே. பெண்பிள்ளைகளுக்கு உயரம் வேகமாகக் கூடுவது சாமத்தியப்படுவதற்கு முந்திய மாதங்களில்தான். சாமத்தியச் சடங்கு முடியட்டும், பிறகு பார்ப்போம் என்று ஒத்திவைக்கும் குடும்பங்கள் சரியாக அந்தக் காலத்தைத்தான் இழக்கின்றன.

உடற்பயிற்சியைப் பற்றி

ஜேர்மனியிலோ கனடாவிலோ இருக்கும் உறவினர் ஒருவர் தொலைபேசியில், "ஷ்ரோத் பயிற்சி செய்யச் சொல்லுங்கோ, கவசம் ஒன்றும் வேண்டாம்" என்று சொல்லும் வீடுகள் இருக்கின்றன. அதனால் இதைச் சற்று விரிவாகப் பார்ப்போம்.

கத்தரினா ஷ்ரோத் 1894 இல் ஜேர்மனியின் ட்றெஸ்டனில் பிறந்தவர். அவருக்கே பக்கவளைவு இருந்தது. பதினாறு வயதில் உருக்குக் கவசம் அணிவிக்கப்பட்டது. ஒரு பக்கம் அமுங்கிய பந்துக்குள் காற்றை அடித்தால் அமுங்கிய இடம் நிமிர்வதைக் கண்டு, கண்ணாடி முன் நின்று தன் உடலின் உட்குழிந்த பக்கத்துக்கு மூச்சைச் செலுத்திப் பழகினார். 1921 இல் மைசன் நகரில் சிறிய அளவில் தன் சிகிச்சை நிலையத்தைத் தொடங்கினார். அவர் மருத்துவம் படித்தவர் அல்லர். அக்கால வைத்தியர்கள் பலர் அவரை ஏற்கவில்லை. இரண்டாம் உலகப்போருக்குப் பிறகு கிழக்கு ஜேர்மனியை விட்டு வெளியேறி, மேற்கில் சோபர்ன்ஹைம் என்ற சிற்றூரில் இயன்மருத்துவரான மகள் கிறிஸ்ராவோடு மீண்டும் முதலிலிருந்து தொடங்கினார். போரால் இடம்பெயர்ந்து, தெரிந்த தொழிலைப் புதிய மண்ணில் மறுபடி நட்ட பெண் என்ற வகையில் அவர் நமக்கு அந்நியமானவர் அல்லர்.

அந்தப் பயிற்சி சும்மா கையைக் காலை ஆட்டுவது அல்ல. ஒவ்வொரு பிள்ளையின் வளைவும் எந்தப் பக்கம், எத்தனை இடத்தில் என்று பார்த்து, அதற்கு எதிராக உடலை நீட்டி, திருப்பி, குழிந்த பக்கம் மூச்செடுத்து, அந்த நிலையைத் தசைகளால் பிடித்து வைக்கப் பழக்குவது. வலப்பக்க வளைவுக்கான பயிற்சி இடப்பக்க வளைவுக்குப் பொருந்தாது. யூடியூப்பைப் பார்த்துத் தானாகச் செய்வதில் உள்ள சிக்கல் இதுதான்.

ஆதாரம் எப்படி? 2014 இல் இத்தாலியில் மெல்லிய வளைவுள்ள 110 பிள்ளைகளை வைத்து நடந்த ஆய்வில், தன்னைத் தானே திருத்தும் பயிற்சி செய்தவர்களின் வளைவு 5 பாகையளவில் குறைந்தது. பொதுப் பயிற்சி செய்தவர்களுக்குப் பெரிய மாற்றம் இல்லை. 2016 இல் கனடாவின் அல்பேர்ட்டா பல்கலைக்கழகம் 50 பிள்ளைகளிடம் ஆறு மாதம் ஷ்ரோத் பயிற்சியைச் சோதித்தது. வழமையான பராமரிப்போடு பயிற்சியும் செய்தவர்களுக்கும் செய்யாதவர்களுக்கும் இடையில் ஏறத்தாழ 3.5 பாகை வித்தியாசம் தெரிந்தது. நல்ல செய்திதான். ஆனால் ஒரே எக்ஸ்ரேயை இரண்டு பேர் அளந்தாலே கொப் கோணம் 5 பாகை வரை மாறக்கூடும் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

அதைவிடக் கடுமையான சோதனை சுவீடனில் நடந்து 2024 இல் வெளிவந்தது. 25 முதல் 40 பாகை வரையான வளைவுள்ள 135 பிள்ளைகளைக் குலுக்கல் முறையில் மூன்றாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்கு இரவுக் கவசம், ஒரு பிரிவுக்குப் பக்கவளைவுக்கான தனிப்பயிற்சி, ஒரு பிரிவுக்குச் சாதாரண உடற்செயற்பாடு மட்டும். இரவுக் கவசம் அணிந்தவர்களில் 76 வீதத்தினருக்கு வளைவு குறிப்பிடும்படி கூடவில்லை. உடற்செயற்பாடு மட்டும் செய்தவர்களில் அது 53 வீதம். தனிப்பயிற்சிக்கும் சாதாரண உடற்செயற்பாட்டுக்கும் இடையில் தெளிவான வித்தியாசம் தெரியவில்லை.

இவற்றை ஒன்றாக வைத்துப் பார்த்தால் என் கணிப்பு இது: மெல்லிய வளைவில் பயிற்சி செய்து பார்ப்பது நியாயம். கவசம் அணிபவருக்கும் பயிற்சி நல்ல துணை, அது தசையையும் மூச்சையும் தன்னம்பிக்கையையும் காக்கிறது. ஆனால் 30 பாகை வளைவுள்ள, இன்னும் வளரும் பிள்ளையிடமிருந்து கவசத்தைக் கழற்றிவிட்டுப் பயிற்சியை மட்டும் நம்பச் சொல்லும் அளவுக்கு ஆதாரம் இல்லை. எண்ணெய், உருவல், எலும்பைச் சொடுக்கி எடுத்தல், காந்தப்பட்டி போன்றவை வளைவைக் குறைக்கும் என்பதற்கு அந்த அளவு ஆதாரம்கூட இல்லை. நோவுக்கு இதமாக இருந்தால் உருவலில் தவறில்லை, அதற்காகத் தவணையைத் தவறவிடுவதே தவறு.

வெயிலும் ரியூசனும்

ஆய்வு நடந்தது குளிர்நாடுகளில். கிளிநொச்சி வெயிலில் பிளாஸ்ரிக் கவசத்தைப் பன்னிரண்டு, பதின்மூன்று மணித்தியாலம் அணிவது சொல்வதுபோல் எளிதல்ல. ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். மாலை ஆறு மணிக்கு ரியூசனால் வந்து குளித்துவிட்டு அணிந்தால், மறுநாள் காலை ஆறு மணிக்குப் பன்னிரண்டு மணித்தியாலம் ஆகிவிடும். பாடசாலையில்லாத நாட்களில் பகலிலும் சில மணித்தியாலம் சேர்க்கலாம். எத்தனை மணித்தியாலம் என்பதை வைத்தியர்தான் சொல்ல வேண்டும், பலருக்குப் பதினெட்டுக்கு மேலும் சொல்வார்கள். ஆனால் "முழுநாளும் போட முடியாது, ஆகவே போடவே வேண்டாம்" என்று விடுவதை விட, முடியாததை வைத்தியரிடம் வெளிப்படையாகச் சொல்லி ஒழுங்கு பண்ணுவது எவ்வளவோ மேல்.

கவசத்தின் கீழே தையல் மடிப்பில்லாத பருத்திப் பெனியன் அணிய வேண்டும், வியர்த்தால் மாற்ற வேண்டும். கவசம் அழுத்தும் இடத்தில் பவுடரோ களிம்போ பூசுவது தோலை மென்மையாக்கிப் புண்ணாக்கும். கழற்றியதும் தெரியும் சிவப்பு அரைமணி நேரத்துக்குள் மறைந்தால் பயமில்லை. மறையாவிட்டாலோ தோல் உரிந்தாலோ கவசத்தைச் செய்தவரிடம் திருத்தக் கொண்டுபோக வேண்டும். கரப்பந்தோ நீச்சலோ நடனமோ நிறுத்தத் தேவையில்லை, அந்த நேரத்துக்குக் கழற்றிக் கொள்ளலாம்.

கவசத்தை யார் செய்வது? செயற்கைக் கால் செய்பவர்களின் படிப்பில் முள்ளந்தண்டுக் கவசமும் அடங்கும். றாகமையில் 2004 இல் தொடங்கிய பயிற்சிக் கல்லூரியில் படித்து வெளியேறியவர்கள் இரண்டையும் கற்றவர்கள். போர் எங்களுக்குக் கட்டாயமாகக் கற்றுத்தந்த கைத்தொழில் இது. யாழ்ப்பாணத்தில் ஜெய்ப்பூர் கால் நிலையம் போர்க்காலத்திலேயே இயங்கத் தொடங்கியது. பிள்ளைக்குக் கவசம் எங்கே செய்யலாம் என்பதை போதனா வைத்தியசாலையின் என்பு சிகிச்சைப் பிரிவிலோ இயன்மருத்துவப் பிரிவிலோ கேட்கலாம். ஆயத்தமாக விற்கும் "முதுகு நிமிர்த்தும் பட்டி" இதற்கு மாற்றாகாது. வெளிநாட்டு உறவினரின் பிள்ளை அணிந்து முடித்த கவசத்தைப் பொதியில் அனுப்பி வைப்பதும் உதவாது. கவசம் ஒருவரின் வளைவுக்கு மட்டும் அளவெடுத்துச் செய்யப்படுவது. வளர வளர அதையும் மாற்ற வேண்டும்.

எக்ஸ்ரே பற்றிய பயம் நியாயமானதே. அமெரிக்காவில் பக்கவளைவுக்காகப் பல தடவை எக்ஸ்ரே எடுக்கப்பட்ட 5,573 பெண்களைப் பின்தொடர்ந்த ஆய்வு, மார்பகப் புற்றுநோய் மரணம் அவர்களிடையே எதிர்பார்த்ததை விட 69 வீதம் அதிகமாக இருந்ததை 2000 இல் காட்டியது. அவர்கள் சராசரியாக 24.7 தடவை, அந்தக் காலத்தின் பழைய இயந்திரங்களில் எடுத்தவர்கள். இன்றைய கதிரளவு அதைவிட மிகக் குறைவு. அப்படியிருந்தும் முன்னாலிருந்து எடுக்காமல் பின்னாலிருந்து எடுக்கும்படி கேட்பது மார்பில் படும் கதிரைக் குறைக்கும். ஒவ்வொரு வைத்தியரிடமும் புதிதாக எடுக்காமல் பழைய படத்தைக் கொண்டுபோவது அதைவிட நல்லது.

உடனே வைத்தியரிடம் போக வேண்டிய அறிகுறிகள் சில உண்டு: இரவில் நித்திரையைக் கலைக்கும் நோவு, காலில் பலவீனம் அல்லது விறைப்பு, சிறுநீர் கட்டுப்பாடு இழத்தல், மாதக்கணக்கில் கண்முன்னே கூடும் வளைவு, பத்து வயதுக்கு முன்பே வரும் வளைவு. இவை காரணம் புலப்படாத வகைக்கு வழமையானவை அல்ல, எம்ஆர்ஐ தேவைப்படலாம்.

கடைசியாக, பெற்றோர் வாய்விட்டுக் கேட்கத் தயங்கும் கேள்வி. "இவளைக் கட்டிக் கொடுக்கலாமா, பிள்ளை பெறுவாளா?" பக்கவளைவுள்ள பெண்கள் கர்ப்பம் தரித்துப் பிள்ளை பெறுகிறார்கள். மெல்லிய, நடுத்தர வளைவு அதற்குத் தடையல்ல. அதே அயோவாக் குழு, சிகிச்சையே பெறாத 117 பேரை ஐம்பது வருடங்கள் கழித்துச் சந்தித்து 2003 இல் எழுதியது. அவர்களில் முதுகுவலி மற்றவர்களை விடக் கூடுதலாக இருந்தது, தோற்றம் பற்றிய மனக்குறையும் இருந்தது. ஆனால் அவர்கள் வேலை செய்து, குடும்பம் நடத்தி, முதுமையை எட்டியிருந்தார்கள். நெஞ்சுப் பகுதி வளைவு மிகப் பெரிதாகும்போதுதான் மூச்சு பாதிக்கப்படுகிறது. "கூனி" என்ற பட்டப்பெயரும், அதற்குப் பயந்து மறைப்பதும் அந்தப் பிள்ளைக்கு வளைவைவிட அதிக காயத்தைத் தருவதைக் கண்டிருக்கிறேன்.

சிகிச்சைக்குப் போகும்போது மூன்று விடயங்களைக் கேட்டுக் கொப்பியில் எழுதிக்கொள்ளுங்கள்: இன்றைய கொப் கோணம் எத்தனை, றிஸ்ஸர் அளவு எத்தனை, அடுத்த தவணை எப்போது. கவசம் செய்திருந்தால், அதை அணிந்தபடி எடுத்த எக்ஸ்ரேயில் கோணம் எவ்வளவு குறைந்தது என்பதையும் கேளுங்கள். கவசத்துக்குள்ளேயே வளைவு குறையாவிட்டால் கவசம் சரியாகப் பொருந்தவில்லை என்று பொருள், திருத்தச் சொல்லலாம். திகதி, பாகை, பிள்ளையின் உயரம் மூன்றையும் ஒரே வரியில் எழுதி வாருங்கள். உயரம் ஆறு மாதமாகக் கூடாமல் நின்று, றிஸ்ஸர் அளவும் 4ஐத் தொட்டதும், கவசத்தை மெல்ல மெல்லக் குறைத்துக் கழற்றுவது பற்றி வைத்தியரே பேச்சை எடுப்பார்.